காரணத்துக்கு உரிய மதிப்பெண்

பொறியியற் கல்லூரியில் கணினி அறிவியல் பயிலும் மாணாக்கர், முதலாண்டு முழுவதும் அணிகளோடும் நுண்கணிதத்தோடும் போராடி, சூத்திரத்தை நினைவில் நிறுத்தி எண்களைப் பிழையின்றி இட்டு முடித்தால் கணிதம் கைவசமாகிவிடும் என்ற நம்பிக்கையோடு இரண்டாம் ஆண்டில் நுழையும்போது, அந்த நம்பிக்கையை வாசற்படியிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கும் பாடமாக வந்து சேர்கிறது டிஸ்கிரீட் மாத்தமேட்டிக்ஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு ரெகுலேஷனில் ஐந்தாம் செமஸ்டரில் இருந்த இப்பாடம், 2017ஆம் ஆண்டு ரெகுலேஷனில் மூன்றாம் செமஸ்டருக்கு வந்தது. அது நல்ல மாற்றம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் மரங்களையும் கிராஃப்களையும் கையாளத் தொடங்கும் அதே பருவத்தில், அவற்றின் இலக்கணத்தையும் தர்க்கத்தையும் மாணவன் கற்றுக்கொள்வதே முறை. தர்க்கமும் நிரூபணங்களும், எண்ணிக்கைக் கலை, கிராஃப், இயற்கணித அமைப்புகள், லாட்டிஸும் பூலியன் அல்ஜீப்ராவும் என்று ஐந்து யூனிட்டுகள், நான்கு கிரெடிட். இந்தப் பாடத்தை நடத்துவதிலும் இதன் விடைத்தாள்களைத் திருத்துவதிலும் பல ஆண்டுகளைச் செலவிட்டுவிட்ட எனக்கு, நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வரும் எண்ணம் ஒன்று உண்டு. இதில் மாணவனுக்கு நாம் தரும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவன் காட்டிய காரணத்துக்கே உரியதாக இருத்தல் வேண்டும். வகுப்பு, டியூட்டோரியல், இன்டர்னல் தேர்வு, வேல்யூவேஷன் ஆகிய அனைத்தும் அந்த ஒரு நியாயத்தைச் சுற்றியே அமைதல் வேண்டும்.

முதல் யூனிட்டின் முதல் வாரம் எல்லாருக்கும் இனிக்கும். மெய் அட்டவணை போடுவதில் யந்திரத்தன்மை ஒன்று இருப்பதால், பின்வரிசை மாணவனும் உற்சாகமாகக் கட்டங்களை நிரப்பி விடுகிறான். இதெல்லாம் எதற்கு என்று கேட்பவனுக்கு, 1854இல் ஜார்ஜ் பூல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதி வைத்ததையும், 1937இல் கிளாட் ஷானன் என்ற இருபத்தொரு வயது இளைஞர் தம் முதுகலை ஆய்வேட்டில் அந்த இயற்கணிதத்தையே மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டியதையும் சொல்வேன்; தன்னைவிட இரண்டொரு வயதே மூத்த ஒருவன் செய்த காரியம் என்றதும் சற்று நிமிர்ந்து உட்காருவான். ஆயினும் மெய் அட்டவணையைக் கடந்து, 'எல்லா' என்பதும் 'ஏதேனும் ஒன்று' என்பதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருகின்ற இடத்தை அடைந்தவுடன், வகுப்பில் ஒரு மௌனம் படரும். ஹாஸ்டலில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பதும், ஹாஸ்டலில் உள்ள எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரு சாவி உண்டு என்பதும் ஒன்றுதானா என்று கேட்பேன். இரண்டும் வேறு என்று உடனே சொல்வார்கள். ஆனால் அவற்றைக் குறியீட்டில் எழுதச் சொன்னால் பாதிப் பேர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். இரண்டாவது கூற்றிலிருந்து முதற்கூற்று வரும், முதற்கூற்றிலிருந்து இரண்டாவது வாராது என்பதை அவர்களே வாய்விட்டுச் சொல்லும்வரை அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை என்பது என் வழக்கம். போர்ஷன் முடிய வேண்டுமே என்ற கவலை எந்த ஆசிரியருக்கும் உண்டு. ஆயினும் இந்த ஓர் இடத்தில் செலவிடும் ஒருமணி நேரம் ஐந்தாம் யூனிட் வரையில் வட்டியோடு திரும்பி வருவதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

கணிதத் தொகுத்தறிதல், அதாவது வகுப்பில் எல்லாரும் இண்டக்ஷன் என்று சொல்லும் முறை, இப்பாடத்தின் இருதயஸ்தானம். ஓர் இயல் எண்ணின் கனத்தோடு அதே எண்ணின் இருமடங்கைக் கூட்டினால் வரும் தொகை எப்போதும் 3ஆல் வகுபடும் என்று நிறுவுக என்பது, கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வினா. எண் 1 ஆயின் தொகை 3, வகுபடுகிறது. ஏதோ ஓர் எண்ணுக்கு வகுபடுவதாகக் கொண்டு, அதற்கு அடுத்த எண்ணுக்கு விரித்து எழுதினால், பழைய தொகை அப்படியே ஒருபுறம் நிற்க, மறுபுறம் 3இன் மடங்கு ஒன்று வந்து சேரும். பழைய தொகை 3ஆல் வகுபடும் என்பது நாம் கொண்ட அனுமானம். சேர்ந்தது 3இன் மடங்கு என்பது கண்ணெதிரே தெரிவது. ஆகவே இரண்டின் கூடுதலும் வகுபடும். இவ்வளவே விஷயம். ஆனால் விடைத்தாள்களைத் திருப்பினால், பல மாணவர் முதற்படியை எழுதி, அனுமானத்தை எழுதி, விரிவையும் பிழையின்றி எழுதிவிட்டு, அனுமானம் எங்கே பயன்பட்டது என்பதைச் சொல்லும் ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, 'ஆகவே நிறுவப்பட்டது' என்று அடிக்கோடிட்டு முடித்திருப்பார்கள். பூக்களை எல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டு நாரை மட்டும் மறந்த மாலை அது. எடுத்தால் கையில் உதிர்ந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது முதற்படியை ஓர் ஆசாரமாக எண்ணிவிடுவது. அதற்காகக் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு பொய்யை நிறுவிக் காட்டுவேன். எந்த எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்குச் சமம் என்பது அந்தப் பொய். ஓர் எண்ணுக்கு இது உண்மை என்று கொள்வோம். இருபுறமும் 1 கூட்டினால் அடுத்த எண்ணுக்கும் உண்மையாகிவிடுகிறது. எனவே எல்லா எண்களுக்கும் உண்மை என்று முடிப்பேன். எங்கோ தவறு இருக்கிறது என்று எல்லாரும் அறிவார்கள். எங்கே என்று கேட்டால், கூட்டியதில் தவறு என்பான் ஒருவன், அனுமானம் செய்ததே தவறு என்பாள் ஒருத்தி. இரண்டாம் படி முற்றிலும் சரி, முதற்படிதான் இல்லை, 1 என்பது 2க்குச் சமம் என்று எவராலும் காட்ட இயலாது என்பதை வகுப்பு தானாகவே கண்டுபிடிக்கும் கணத்தில், அவர்கள் முகத்தில் தோன்றும் தெளிவு இருக்கிறதே, அதற்காகவே இத்தொழிலில் நீடிக்கலாம். அதன்பின் முதற்படிக்கு நான் 2 மதிப்பெண் ஒதுக்குவதை எவரும் வேடிக்கையாக எண்ணுவதில்லை.

டியூட்டோரியல் மணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசிரியர் கணக்குப் போட, மாணவர் நோட்டில் இறக்கிக்கொள்ளும் மற்றொரு வகுப்பாக அதைக் கழித்துவிடுவது சுலபம். நான் அவ்வாறு செய்வதில்லை. ஒரு மாணவனோ மாணவியோ கரும்பலகைக்கு வர வேண்டும். ஒரு வரி எழுத வேண்டும். கீழே இருப்பவர்களுள் எவரேனும் 'ஏன்?' என்று கேட்டால் அதற்கு விடை சொன்ன பிறகே அடுத்த வரி. எங்கள் கல்லூரிக்கு வருவோரில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் கணிசமாக உண்டு. தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால், அறிவில் தோன்றிய காரணம் நாவுக்கு வருவதற்குள் மொழியின் பயத்தில் கரைந்துவிடுகிறது. ஆகவே கரும்பலகையில் முதலில் தமிழில் சொல்லலாம், பிறகு எல்லாரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதுவோம் என்று ஒரு நியமம் வைத்திருக்கிறேன்.

கிராஃப் யூனிட்டில் ஒருநாள், எல்லா முனைகளின் படிகளையும் கூட்டினால் விளிம்புகளின் எண்ணிக்கையின் இருமடங்கு வரும் என்ற தேற்றத்தை நிறுவ ஒரு மாணவியை அழைத்தேன். அரசுப் பள்ளியில் பயின்று வந்தவர். வகுப்பில் பேசிக் கேட்டதில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"புத்தகத்துல இருக்கிறது வேண்டாம்மா. உனக்கு என்ன தோணுதோ அதைத் தமிழ்ல சொல்லு."

"ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு முனை இருக்கு சார். ஒவ்வொரு முனையிலயும் வந்து எத்தனை கோடுன்னு எண்ணும்போது, ஒரே கோட்டை இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் எண்ணிடுறோம். அதனால மொத்தம் ரெட்டிப்பா வரும்."

"அப்படியே எழுதும்மா."

"இவ்ளோதானா சார்?"

"இதுதான் முழு நிரூபணம். இதுக்கு மேல ஒரு வரி வேண்டாம்."

அந்த வகுப்பில் எனக்கு உண்டான ஆனந்தம் பெரிது. நிரூபணம் என்பது குறியீடுகள் நிறைந்த நீண்ட பக்கம் என்னும் பிரமையே இம்மாணவர்களைத் தடுத்து நிறுத்துகிறது. ஐயம் எழ இடமில்லாதபடி காரணம் சொல்லப்பட்டதா என்பதே கேள்வி. படி ஒற்றைப்படையாக உள்ள முனைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான் என்ற அடுத்த தேற்றத்தை அவரே தொடர்ந்து சொல்லி முடித்தார்.

நான்காம் யூனிட்டாகிய இயற்கணித அமைப்புகளில் வரும் குலங்களில், உட்குலத்தின் அளவு குலத்தின் அளவை மீதியின்றி வகுக்கும் என்ற லக்ராஞ்சு தேற்றத்துக்கு மட்டும் மூன்று மணி எடுத்துக்கொள்வேன்; மற்றவை விரைவாகப் போகும். லாட்டிஸும் பூலியன் அல்ஜீப்ராவும் செமஸ்டரின் இறுதி வாரங்களில் வருவதால் மாணவர் மனம் ஏற்கனவே தேர்வுக்குப் போய்விட்டிருக்கும்.

தேர்வின் அமைப்பை வெளியார்க்குச் சொல்வதானால், 2017ஆம் ஆண்டு ரெகுலேஷன்படி வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு உரியது: பார்ட் ஏயில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, பார்ட் பியில் 13 மதிப்பெண் வினாக்கள் 5, பார்ட் சியில் 15 மதிப்பெண் வினா ஒன்று. அதனை 80க்குச் சுருக்கி, இன்டர்னல் 20ஐக் கூட்டினர். பல்கலைக்கழகத் தேர்வில் நூற்றுக்கு 45ம், இரண்டும் சேர்ந்து 50ம் பெற்றால் தேர்ச்சி, இல்லையேல் அரியர். 2021ஆம் ஆண்டு ரெகுலேஷனில் இன்டர்னல் 40 ஆகவும் பல்கலைக்கழகத் தேர்வு 60 ஆகவும் மாறியது. இன்டர்னலின் பங்கு இரட்டித்திருப்பதால் கல்லூரி ஆசிரியரின் பொறுப்பும் அவ்வளவுக்கு ஏறியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். தாராளமாகப் போட்டுவிடுவதால் மாணவனுக்கு உபகாரம் செய்துவிட்டதாக எண்ணுவோர் உண்டு, அது உபகாரமன்று.

இன்டர்னல் வினாத்தாள் தயாரிக்கும்போது ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அது எந்தக் கோர்ஸ் அவுட்கமைச் சேர்ந்தது, கல்வியியலாளர் ப்ளூமின் பெயரால் வழங்கும் அறிவுநிலைகளுள் எந்த நிலையைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டியிருக்கிறது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல் என்று ஏறிப்போகும் அந்தப் படிகளைக் குறிப்பதில் தவறில்லை. ஆயினும் புத்தகத்தில் உள்ள நிரூபணத்தை அப்படியே கேட்டுவிட்டு, அதற்கு எதிரே உயர்ந்த நிலை ஒன்றைக் குறித்துவிட்டால், வினா உயர்ந்துவிடாது; மாணவன் அதை நினைவிலிருந்துதான் எழுதப் போகிறான். ஆகவே ஒவ்வோர் இன்டர்னலிலும் ஒரு வினாவையேனும் கொஸ்டின் பேங்கில் இல்லாததாக, ஆனால் வகுப்பில் கற்ற காரணங்களைக் கொண்டே விடையளிக்கத் தக்கதாக அமைப்பேன். சில சமயங்களில் நிரூபணத்தையே தந்து, அதில் ஒரு வரியைப் பிழையாக எழுதி, எந்த வரி, ஏன் பிழை என்று கேட்பேன். மனப்பாடம் அங்கே துணை செய்யாது.

மதிப்பெண்ணைப் பகுப்பதற்கு இரண்டாம் யூனிட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 1 முதல் 250 வரையிலான எண்களுள் 2, 3, 5, 7 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் வகுபடுபவை எத்தனை என்பது வினா. தனித்தனியே எண்ணிக் கூட்டினால் 293; இரண்டிரண்டாகப் பொதுவாக வந்தவை 117, அவற்றைக் கழிக்க வேண்டும்; மும்மூன்றாக வந்தவை 18, அவற்றைத் திரும்பக் கூட்ட வேண்டும்; நான்கு எண்களாலும் வகுபடுவது 210 என்னும் ஒன்றே, அதைக் கழிக்க வேண்டும்; விடை 193. இதில் ஒருவன் 250ஐ 15ஆல் வகுக்கையில் 16க்குப் பதிலாக 17 என்று எழுதிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கடைசி விடை 192 ஆகிவிடும். ஆனால் ஏன் கழிக்கிறோம், ஏன் மீண்டும் கூட்டுகிறோம் என்று அவன் சொல்லியிருந்தால், 8க்கு 7 போட எனக்குக் கை கூசாது. மற்றொருவன் 193 என்ற விடையை மட்டும் கட்டம் கட்டி எழுதியிருந்தால், அவனுக்கு 2க்கு மேல் போட மனம் ஒப்பாது. விடை சரியாக இருந்தும் மதிப்பெண் இல்லையா என்று முதல் இன்டர்னலுக்குப் பின் எவனாவது வந்து நிற்பான். காரணத்தைச் சொல் தம்பி, இப்போதே போட்டுத் தருகிறேன் என்பேன். சொல்லக் கூடியவன் சொல்லிப் பெற்றுக்கொண்டும் போயிருக்கிறான்.

பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தும் வேல்யூவேஷன் கேம்ப் வேறு உலகம். மாணவனின் பதிவெண் நீக்கப்பட்டு, டம்மி நம்பர் மட்டும் தாங்கிய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக மேஜைக்கு வருகின்றன. எந்த ஊர், எந்தக் கல்லூரி, ஆணா பெண்ணா என்று எதுவும் தெரியாது. கையெழுத்தும் காரணமுமே அடையாளம். முதலில் சேர்மன் முன்னிலையில் அமர்ந்து விடைக்குறிப்பாகிய கீயை விவாதித்து, எந்தப் படிக்கு எவ்வளவு என்று முடிவு செய்துகொண்டு, அதன்பின் சிவப்பு மையைத் திறப்போம். ஒரே வினாவுக்குப் பல ஊர்களின் விடைகளை ஒருங்கே படிக்கும்போது, எந்தெந்தப் புத்தகம் மனப்பாடம் ஆகியிருக்கிறது என்பது தெளிவாகப் புலப்படும். ஒரே இடத்தில் ஒரே குறி தவறி, ஒரே சொல் விட்டுப்போயிருக்கும்.

அத்தகைய ஒரு கேம்பில் நேர்ந்ததை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும் எளிய கிராஃப் ஒன்றில் அதிகபட்சம் எத்தனை விளிம்புகள் இருக்க இயலும் என்று நிறுவும் தேற்றம் ஒன்று உண்டு. முனைகள் 10, துண்டுகள் 3 என்றால் விளிம்புகள் 28க்கு மேல் போகா. புத்தகங்களில் இதற்குத் தரப்பட்டிருக்கும் நிரூபணம், வர்க்கங்களின் கூடுதலைச் சமனிலியாக எழுதி, விரித்து, சுருக்கிக் கொண்டுபோவது; மாணவர் பெரும்பாலும் அதையே ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தாலும், முடிவு மட்டும் ஒழுங்காக வந்து நிற்கும். அன்று என் பக்கத்து மேஜையில் இருந்த நண்பர், ஒரு விடைத்தாளை என்னிடம் நீட்டி, "சார், கீயில் இருப்பது எதுவுமே இதில் இல்லை, பாதிக்கு மேல் கொடுக்க வழியில்லை போலிருக்கிறது, ஒருதரம் பாருங்கள்" என்றார். அரைப்பக்கம்தான் இருந்தது. வர்க்கமும் இல்லை, சமனிலியும் இல்லை.

அந்த மாணவன் அல்லது மாணவி எழுதியிருந்தது இதுதான். துண்டு ஒவ்வொன்றிலும் உள்ள முனைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருப்பதாகவே கொள்ளலாம். அதுவே அதிகபட்ச நிலை. ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளை உடைய துண்டுகள் இரண்டு இருந்தால், சிறிய துண்டிலிருந்து ஒரு முனையை எடுத்துப் பெரிய துண்டில் சேர்த்துவிடுவோம். சிறிய துண்டில் அந்த முனை இழப்பது, அத்துண்டின் முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான விளிம்புகளை; பெரிய துண்டில் அது பெறுவது, அங்கே ஏற்கனவே உள்ள முனைகள் அத்தனை விளிம்புகளை. பெற்றது இழந்ததைவிட எப்போதும் அதிகம். துண்டுகளின் எண்ணிக்கையோ மாறவில்லை. ஆகவே ஒரு துண்டைத் தவிர மற்றவை எல்லாம் ஒற்றை முனையாகச் சுருங்கும்வரை இப்படியே செய்துகொண்டு போகலாம். அந்த இறுதி நிலையில் பெரிய துண்டில் உள்ள விளிம்புகளின் எண்ணிக்கையே விடை. 10 முனையும் 3 துண்டும் என்றால் பெரிய துண்டில் 8 முனைகள். அவற்றை இணைக்கும் விளிம்புகள் 28.

இருவரும் இருமுறை படித்தோம். இரண்டு துண்டுகளும் சம அளவாக இருந்தால் என்ன ஆகும் என்று நண்பர் கேட்டார். அப்போதும் இழப்பைவிடப் பெறுவது ஒன்று அதிகம் என்று அதே பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. சேர்மனிடம் கொண்டுபோனோம். அவர் வயதில் மூத்தவர், அவசரப்படாதவர், தாளில் ஒரு படம் வரைந்து பார்த்துவிட்டு, "கீ என்பது நமக்கு வழிகாட்டி, மாணவனுக்கு வேலி அல்ல. இது கீயைவிட நன்றாக இருக்கிறது" என்று சொல்லி முழு மதிப்பெண்ணுக்கு ஒப்புதல் தந்தார். அதோடு நில்லாமல், இதே வழியில் வேறெவரேனும் எழுதியிருந்தால் அவர்களுக்கும் அவ்வாறே தர வேண்டும் என்று எல்லா மேஜைகளுக்கும் அறிவித்தார். நேரம் நெருக்கும் அந்தக் கூடத்தில், ஒரு விடைக்காகக் கால்மணி நேரம் நிற்க அவர் துணிந்தது எனக்கு இன்றளவும் ஒரு பாடம். அடுத்த செமஸ்டரிலிருந்து அந்த நிரூபணத்தையே முதலில் கற்பித்து வருகிறேன். சமனிலி வழியை இரண்டாவதாகக் காட்டுகிறேன்.

முடிவுகள் வெளியானபின் வரும் நாட்களும் இப்பாடத்தை நடத்துவதில் ஒரு பகுதியே. தேர்ச்சி பெறாதவர்கள் விடைத்தாளின் ஜெராக்ஸுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். ரீவேல்யூவேஷனுக்குப் போவதானால், பாடம் நடத்திய ஆசிரியர் அத்தாளைத் தாமே மதிப்பிட்டு, வினாவாரியாக மதிப்பெண்ணைப் பிரித்தெழுதிப் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. நான் முதலில் இடப்பட்டுள்ள மதிப்பெண்களை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, புதிதாய் வந்த தாளைப்போல் திருத்துவேன்; பிறகே ஒப்பிடுவேன். கூட்டல் விட்டுப்போனதோ, ஒரு பக்கமே பார்க்கப்படாமல் போனதோ இருந்தால் தயங்காமல் கையெழுத்திடுவேன். என் கணக்கும் தாளிலுள்ள கணக்கும் ஒத்துப்போனால், கையெழுத்து இல்லை; அதற்குப் பதிலாக மாணவனை அருகே உட்கார வைத்து, எந்த வரியில் காரணம் விட்டுப்போயிற்று என்று அவனையே காட்டச் சொல்வேன்.

சென்ற முறை 41 வாங்கியிருந்த ஒருவன் வந்தான். 3ஆல் வகுபடும் அதே பழைய இண்டக்ஷன் கணக்கு. 8க்கு 4 இடப்பட்டிருந்தது. நானும் 4தான் இட்டேன். வேறு இரண்டு இடங்களில் அரை அரையாக ஏறலாமே தவிர, 45ஐ எட்டாது. "எல்லாம் எழுதியிருக்கேனே சார்" என்றான். அனுமானம் எங்கே பயன்பட்டது, விரல் வைத்துக் காட்டு என்றேன். விரிவின் மேல் விரல் போயிற்று, கீழே இறங்கிற்று, 'ஆகவே'யின் அருகே நின்றது. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "இங்க ஒரு வரி வந்திருக்கணும் சார்" என்றான். அந்த வரியை எழுதச் சொன்னேன். ஜெராக்ஸின் ஓரத்திலேயே பென்சிலால் சரியாக எழுதினான். ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம், அரியர் மாணவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் டியூட்டோரியல் வைத்திருக்கிறேன், முதல் யூனிட்டிலிருந்து தொடங்குவோம் என்று சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனான்.